கருதுகோள்: ஊகமும் அல்ல, கோட்பாடும் அல்ல

‘ஹைப்போதிசிஸ்’ என்பதைத் தமிழில் சொல்ல வரும்போது சிலர் ‘ஊகம்’ என்கிறார்கள், சிலர் ‘கோட்பாடு’ என்கிறார்கள். இரண்டும் பொருந்தாது. பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட ‘கருதுகோள்’ என்ற அருமையான சொல் இருக்க, வேறெதற்கு?

மூலச்சொல் கிரேக்கம். ‘ஹைப்போ’ என்றால் கீழே. ‘தீசிஸ்’ என்றால் வைத்தல். வாதத்துக்கு அடியில் வைக்கும் அடிப்படை என்று பொருள். தமிழ்ச் சொல் பிறந்த வழி வேறு. ‘கெடு’ என்பது ‘கேடு’ ஆவதுபோல, ‘கொள்’ நீண்டு ‘கோள்’ ஆகிறது. மேற்கோள், குறிக்கோள் எல்லாம் அப்படி வந்தவையே. இப்படி இருக்கலாம் என்று கருதி, சோதித்து முடிக்கும்வரை ஏற்றுக்கொள்வது கருதுகோள். கோட்பாடும் (கோள் + பாடு) இதே வேரில் கிளைத்ததுதான். ஆனால் பல சோதனைகளில் தேறி, பல நிகழ்வுகளைச் சேர்த்து விளக்குவதற்கே அந்தப் பெயர் தகும். கணிதத்தின் ‘எடுகோள்’ இன்னொரு வகை: அதை நிறுவாமலே உண்மையெனக் கொண்டு தொடங்குகிறோம்.

ஊகத்துக்கும் கருதுகோளுக்கும் உள்ள வேறுபாட்டை இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி 1668இல் வெளியிட்ட சோதனை தெளிவாகக் காட்டுகிறது. அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று அன்று நம்பினார்கள். ஈக்கள் இடும் முட்டையிலிருந்தே புழு வருகிறது என்பது ரெடியின் கருதுகோள். அப்படியானால் ஈ நுழைய முடியாத குடுவையில் புழு வரக்கூடாது. வந்துவிட்டால் அவர் கருதியது தவறு. தவறென்று காட்ட இப்படி ஒரு வழி இருந்தால்தான் அது கருதுகோள். சில குடுவைகளைத் திறந்து வைத்தார், சிலவற்றை இறுக மூடினார். காற்றை அடைத்ததால்தான் புழு வரவில்லை என்று யாரும் சொல்லிவிடாதபடி, மெல்லிய வலைத்துணி கட்டியும் செய்து பார்த்தார். ஈக்கள் துணிமேல் மொய்த்தன. உள்ளே இறைச்சியில் புழு இல்லை.

சோதனையைப் பற்றிப் பேசும்போது வரும் மற்றச் சொற்களுக்கும் இங்கேயே எடுத்துக்காட்டு கிடைக்கிறது. நாம் மாற்றுவது (மூடியா, திறந்தா) சாரா மாறி. அதனால் மாறுவது (புழு) சார்ந்த மாறி. ஒப்பிடுவதற்காக வைத்த திறந்த குடுவை, கட்டுப்பாடு.

நம் செய்முறைப் பதிவேடுகளில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன என்று தலைப்புகள் வரிசையாக வருகின்றன. கருதுகோளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. நோக்கத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘இருட்டில் வைத்த பச்சைப்பயற்று முளை, வெளிச்சத்தில் வைத்ததைவிட நீளமாக வளரும்.’ பயறை ஊறவைப்பதற்கு முன்பே மாணவர் இதை எழுதிவிட வேண்டும். விளைவைப் பார்த்த பிறகு அந்த வரியைத் திருத்த விடக்கூடாது.