கடனட்டையோடு விற்கப்பட்ட பி.பி.ஐ. காப்புறுதி: 2019க்குப் பிறகும் எஞ்சியிருக்கும் வழிகள்

பிரித்தானியாவில் 1990களிலும் 2000களிலும் கடனட்டை எடுத்த இலட்சக்கணக்கானோர், தாம் கேட்டுப் பெறாத ஒரு காப்புறுதிக்கு மாதாமாதம் பணம் கட்டி வந்தார்கள். பேமென்ட் புரொடெக்‌ஷன் இன்சூரன்ஸ் என்பது அதன் முழுப்பெயர், பி.பி.ஐ. என்றால் இந்த நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. நோய், விபத்து, வேலையிழப்பு ஆகியவற்றால் வருமானம் நின்றுபோனால், அட்டைக்குக் கட்ட வேண்டிய தொகையைக் குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலும் பன்னிரண்டு மாதங்கள் வரை, காப்புறுதி நிறுவனம் கட்டும் என்பது அதன் உறுதிமொழி. அப்படியொரு காப்புறுதி இருப்பதில் தவறில்லை. அதற்குப் பணம் கட்டியவர்களில் பலர், அதன் நிபந்தனைகளின்படியே ஒரு பென்ஸ் கூடப் பெறமுடியாத நிலையில் இருந்தார்கள் என்பதும், அது விற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்பதும்தான் தவறு.

இலண்டனில் கடன் ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம் வருபவர்களில் கணிசமானோர் ஈழத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். 2019 ஆகஸ்ட் 29ஆம் திகதியோடு பி.பி.ஐ. முறைப்பாடுகளுக்கான கால எல்லை முடிவடைந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்; ஆகவே பழைய அட்டைக் கணக்கொன்றைப் பற்றிப் பேச்சு வந்தால், "அதெல்லாம் முடிஞ்ச கதைதானே தம்பி" என்று தாமே முடித்துவிடுகிறார்கள். பெரும்பகுதி முடிந்துதான் போயிற்று. ஆனால் முழுவதும் முடியவில்லை, அதிலும் கடனட்டைக் கணக்குகளில் மற்றக் கடன்களைவிடச் சற்றுக் கூடுதலான வழி திறந்திருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

தனிநபர் கடனோடு விற்கப்பட்ட பி.பி.ஐ.க்கான முழுக் கட்டணமும் பெரும்பாலும் முதலிலேயே கணக்கிடப்பட்டுக் கடன் தொகையோடு சேர்க்கப்பட்டது. கடனட்டையில் அப்படியல்ல. ஒவ்வொரு மாதமும் அட்டையில் நிற்கும் மீதியைப் பார்த்து, நூறு பவுணுக்கு இத்தனை பென்ஸ் என்று அறவிட்டார்கள். நூறு பவுணுக்கு 79 பென்ஸ் என்பது பரவலாக இருந்த ஒரு விகிதம். 3,000 பவுண் மீதி வைத்திருந்த ஒருவருக்கு அது மாதம் 23 பவுண் 70 பென்ஸ், ஆண்டுக்கு 284 பவுண் 40 பென்ஸ். பலரும் கவனிக்காதது அடுத்த படிதான்: அந்தக் கட்டணமும் அட்டையின் மீதியிலேயே ஏறியது, அதற்கும் வட்டி போடப்பட்டது, கூடிய மீதிக்கு அடுத்த மாதம் காப்புறுதிக் கட்டணமும் கூடியது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்த ஒருவருடைய கணக்கறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவர் கட்டிய பணத்தில் ஒரு பகுதி மாதாமாதம் இந்த ஒற்றை வரிக்கே போயிருப்பதைக் காணலாம். சில வங்கிகளின் அறிக்கைகளில் அந்த வரி பேமென்ட் புரொடெக்‌ஷன் என்று வெளிப்படையாக இருக்கும். வேறு சிலவற்றில் பேமென்ட் கவர், கார்ட் கேர், அல்லது வெறுமனே இன்சூரன்ஸ் என்று இருக்கும். அட்டை களவு போனால் பாதுகாப்பதற்கான கட்டணம் என்று எண்ணி, அதை நல்ல விடயமாகவே கருதிக் கட்டியவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நிபந்தனைகளைப் பார்த்தால் நமது சமூகத்தின் தொழில் வாழ்க்கைக்கும் இந்தக் காப்புறுதிக்கும் எவ்வளவு தூரம் என்பது விளங்கும். சொந்தமாகக் கடை நடத்துபவர் வேலையிழப்புக்கான பகுதியில் பணம் பெறுவது பல ஒப்பந்தங்களில் மிகக் கடினமாக இருந்தது. கடையை முற்றாக மூடி, தொழில் முறைப்படி முடிவுக்கு வந்துவிட்டது என்று காட்டினால்தான் சிலவற்றில் அது சாத்தியம். வாரத்துக்கு 16 மணித்தியாலங்களுக்குக் குறைவாக வேலை செய்தவர்கள், பெற்றோல் நிலையத்திலோ துப்புரவுப் பணியிலோ நிரந்தர ஒப்பந்தமில்லாமல் உழைத்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், 65 வயதைக் கடந்தவர்கள் ஆகியோரைப் பல ஒப்பந்தங்கள் விலக்கி வைத்தன. காப்புறுதி எடுக்கும்போதே இருந்த நோய்கள் சேரா. முதுகுவலி, மன அழுத்தம் ஆகிய இரண்டும், அதாவது உழைக்கும் மனிதரை வீட்டில் இருத்தும் மிகப் பொதுவான இரண்டு காரணங்களும், பலவற்றில் விலக்கப்பட்டோ கடும் கட்டுப்பாட்டுடனோ இருந்தன. சிறிய மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், நீரிழிவு நோய் வந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர் எடுத்த அட்டைக்கு, அந்த நோயும் சேராத, அவருடைய தொழிலுக்கும் பொருந்தாத காப்புறுதியைக் கடையை விற்கும்வரை கட்டிக்கொண்டிருந்தார். விண்ணப்பப் படிவத்தில் அவர் சுயதொழில் செய்பவர் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதே படிவத்தின் கீழ்ப்பகுதியில் காப்புறுதிக்கான பெட்டியும் அடையாளமிடப்பட்டிருந்தது.

"நான்தானே கையெழுத்து வைச்சனான், இனி ஆரைக் கேக்கிறது?" என்று அவர் கேட்டார். இந்த ஒரு நினைப்பே எங்கள் ஆட்களுக்குப் பெரும் பணத்தை இழக்கச் செய்தது என்பது என் உறுதியான கருத்து. கையெழுத்து ஒப்பந்தத்தை நிறுவும். விற்ற முறை சரியானது என்பதை அது நிறுவாது. பொருத்தமற்ற ஒன்றை விற்காமல் இருக்கவும், விலையையும் விலக்குகளையும் தெளிவாகச் சொல்லவும் விற்பவருக்குக் கடமை இருந்தது. காப்புறுதி எடுத்தால்தான் அட்டை கிடைக்கும் என்று சொன்னது, எடுத்தால் விண்ணப்பம் எளிதாக ஏற்கப்படும் என்று சாடை காட்டியது, பெட்டியை முன்கூட்டியே அடையாளமிட்டு வைத்தது, தொலைபேசியில் அட்டையைச் செயற்படுத்தும்போது விரைவாகப் பேசி ஒரு "ஓம்" வாங்கியது ஆகிய அனைத்தும் முறைகேடான விற்பனையாகவே கொள்ளப்பட்டன.

இது வங்கிகள் மனமுவந்து ஒப்புக்கொண்டதல்ல. மக்களுக்கு இலவச ஆலோசனை வழங்கும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2005இல் இதைப் பற்றி அதிகாரபூர்வமாக முறையிட்டது. போட்டி ஆணைக்குழு 2009இல் இந்தச் சந்தையில் போட்டியே சரிவர இல்லை என்று கண்டது. அன்றைய நிதிச் சேவைகள் அதிகாரசபை 2010 ஆகஸ்டில், பழைய விற்பனைகளையும் மீளப் பார்க்கும்படி விதிகளை வெளியிட்டபோது, வங்கிகளின் சங்கம் நீதிமன்றம் சென்று 2011 ஏப்ரலில் தோற்றது; அடுத்த மாதமே லொயிட்ஸ் வங்கிக் குழுமம் 320 கோடி பவுணை இதற்காக ஒதுக்கியது. அன்றிலிருந்து மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகை 3,800 கோடி பவுணைத் தாண்டியது. இவ்வளவு பணமும், கையெழுத்து வைத்தவர்களுக்குத்தான் திரும்பிச் சென்றது.

நட்டஈட்டைக் கணக்கிட்ட முறையை அறிந்து வைத்திருப்பது இன்றும் பயன்படும். காப்புறுதியே இல்லாதிருந்தால் அந்த அட்டைக் கணக்கு எந்நிலையில் இருந்திருக்கும் என்று முதல் மாதத்திலிருந்து மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும். கட்டிய காப்புறுதிக் கட்டணங்கள், அவற்றுக்கு அட்டையில் போட்ட வட்டி, அந்தக் கட்டணம் ஏறியதாலேயே வரம்பு தாண்டி விதிக்கப்பட்ட தண்டப்பணம் ஆகியவை திரும்ப வரும். அவ்வாறு திருத்திய கணக்கில் வாடிக்கையாளரின் பணம் வங்கியிடம் மிச்சமாக நின்றிருக்கும் காலத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீதத் தனிவட்டியும் சேரும். அதே அட்டையில் கடன் நிலுவை இருந்தால் வங்கி அதில் கழித்துக்கொள்ளலாம். வங்குரோத்து நிலை அறிவித்தவராயின், அதற்கு முன் எடுத்த காப்புறுதிக்கான பணம் அவருக்கு வராமல் அவருடைய சொத்துகளைப் பொறுப்பேற்ற அதிகாரிக்கே செல்லக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய பிளெவின் தீர்ப்பு இந்த விவகாரத்தின் திருப்புமுனை. அந்த வழக்கில் கட்டப்பட்ட காப்புறுதிப் பணத்தில் 71.8 சதவீதம் தரகுப் பணமாகப் போயிருந்தது, அது கடன் பெற்றவருக்குச் சொல்லப்படவில்லை. காப்புறுதி அவருக்குப் பொருத்தமானதா இல்லையா என்பது ஒருபுறமிருக்க, இவ்வளவு பெரிய தரகை மறைத்ததே கடன் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையிலான உறவை நியாயமற்றதாக்கிவிட்டது என்று, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவின் கீழ் நீதிமன்றம் தீர்மானித்தது. இதன் பின்னர் நிதி நடத்தை ஆணையமான எஃப்.சி.ஏ., முறைப்பாடுகளுக்கென்று ஒரு விதியை வகுத்தது: தரகு 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், தாண்டிய பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த 50 சதவீதக் கோடு முறைப்பாட்டு விதிக்குரியது. வழக்கை விசாரிக்கும் நீதிபதி அந்தக் கோட்டுக்குள் நிற்கக் கடமைப்பட்டவரல்லர்.

முறைப்பாட்டுக் காலம் 2019இல் முடிந்தாலும், சட்டம் தந்த உரிமை அன்றோடு மறையவில்லை. 2023 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஸ்மித் வழக்கில் வழங்கிய தீர்ப்பு கடனட்டை பி.பி.ஐ. பற்றியதே. காப்புறுதிக் கட்டணம் அறவிடுவது பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டதால், வழக்குத் தொடுப்பதற்கான ஆறு ஆண்டு கால எல்லை கடந்துவிட்டது என்பது வங்கியின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடன் உறவு நீடிக்கும்வரை அதன் நியாயமற்ற தன்மையும் நீடிக்கலாம். ஆகவே அந்த உறவு முடிவுற்ற நாளிலிருந்தே ஆறு ஆண்டுகள் கணக்கிடப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. கடனட்டை பல ஆண்டுகள் திறந்தே கிடக்கும் கணக்கு என்பதால் இந்தத் தீர்ப்பின் பயன் மிகப் பெரியது. 2005இல் காப்புறுதி நிறுத்தப்பட்டிருந்தாலும், அட்டைக் கணக்கு அண்மைய ஆண்டுகளில்தான் மூடப்பட்டதென்றால் அந்தக் கணக்கைப் பார்க்கக் காரணம் இருக்கிறது. அடுத்த மாதமே வந்த பொட்டர் வழக்கின் தீர்ப்பு, தரகை வேண்டுமென்றே மறைத்திருந்தால் அது தெரியவரும்வரை, அல்லது முயன்றால் தெரிந்திருக்கக்கூடிய காலம்வரை, எல்லைக் காலம் ஓடத் தொடங்காது என்று ஏற்றது. ஆனால் 2008 ஏப்ரல் 6க்கு முன்பே முற்றாக முடிந்துபோன கணக்குகளுக்கு 140ஏ பிரிவு பொருந்தாது. அத்துடன் முன்னரே பி.பி.ஐ. நட்டஈடு பெற்று, முழுத் தீர்வாக ஏற்பதாகக் கையொப்பமிட்டவர்கள், அந்தக் கடிதத்தின் வாசகத்தைச் சட்டத்தரணியிடம் காட்டாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

எங்கே தொடங்குவது என்பதற்கு என் பதில் எப்போதும் ஒன்றே: பணம் செலவழிக்காமல் தொடங்குங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றி வங்கி வைத்திருக்கும் தகவல்களை இலவசமாகக் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். கடிதத்தில் உங்கள் முழுப்பெயர், பிறந்த திகதி, அந்தக் காலத்தில் இருந்த முகவரிகள் அனைத்தும் இருக்க வேண்டும். எங்கள் பெயர்கள் வங்கிப் பதிவுகளில் முன்னும் பின்னுமாகவும், வேறு வேறு எழுத்துக்கூட்டலிலும் கிடப்பதால், எந்தெந்த வடிவில் பெயர் பதிவாகியிருக்கலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். "அப்படியொரு கணக்கு இல்லை" என்று வந்த பதில், தந்தை பெயரை முன்னால் போட்டுத் தேடச் சொன்ன பிறகு மாறியதை நான் கண்டிருக்கிறேன். காப்புறுதி எப்போது தொடங்கி எப்போது நின்றது, எவ்வளவு அறவிடப்பட்டது, தரகு எத்தனை சதவீதம், அட்டைக் கணக்கு எந்நாளில் மூடப்பட்டது என்ற நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். மிகப் பழைய ஆவணங்களை வங்கி அழித்திருக்கலாம். அந்நிலையில் வீட்டில் எங்கோ கிடக்கும் ஒரே ஒரு பழைய அறிக்கைத் தாளும் மதிப்புடையது.

2019 காலக்கெடுவுக்கு உட்படாத முறைப்பாடுகளும் உண்டு. 2017 ஆகஸ்ட் 29க்குப் பின்னர் விற்கப்பட்ட காப்புறுதிகளுக்கும், காப்புறுதிப் பணம் கோரியபோது மறுக்கப்பட்டவர்களுக்கும் அந்த எல்லை பொருந்தாது. அவர்கள் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, எட்டு வாரங்களுக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த இறுதிப் பதில் திருப்தியளிக்காவிட்டால் ஆறு மாதங்களுக்குள், நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளைச் சுயாதீனமாகத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம். அதற்கு உங்களிடம் கட்டணம் அறவிடுவதில்லை.

வரி பற்றியும் ஒரு சொல். நட்டஈட்டோடு வந்த 8 சதவீத வட்டி வருமானமாகக் கருதப்படுவதால், அதில் 20 சதவீதத்தைப் பெரும்பாலும் வங்கியே வரியாகக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தது. 2016 ஏப்ரலிலிருந்து அடிப்படை வீதத்தில் வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண் வரையான வட்டிக்கு வரி இல்லை. ஆகவே வட்டிப் பகுதி 600 பவுணாக இருந்து 120 பவுண் கழிக்கப்பட்டிருந்தால், வேறு வட்டி வருமானம் இல்லாதவர் அந்த 120 பவுணையும் வரித் திணைக்களத்தின் ஆர்40 படிவத்தின் மூலம் திரும்பக் கேட்கலாம். பணம் கிடைத்த வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். படிவம் எளியது, அதை நிரப்புவதற்காகக் கிடைப்பதில் பாதியை எடுத்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள் என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

அவர்களையும்விடக் கொடியவர்கள் தொலைபேசியில் வருகிறார்கள். உங்கள் பெயரில் பல ஆயிரம் பவுண் பி.பி.ஐ. பணம் காத்திருக்கிறது, அதை விடுவிக்க முதலில் ஒரு கட்டணம் அனுப்புங்கள் என்று, அரசுத் திணைக்களத்தின் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். எந்த வங்கியும், எஃப்.சி.ஏ.யும், ஒம்புட்ஸ்மனும் நட்டஈடு தருவதற்கு முன்பணம் கேட்பதில்லை. உங்கள் வயதான பெற்றோர் வீட்டில் தனியாக இருந்தால், இதை அவர்களுக்குத் தமிழில், பொறுமையாக, ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லி வையுங்கள்.

நீதிமன்ற வழிக்குச் செல்ல விரும்புவோர், "வென்றால் மட்டும் கட்டணம்" என்று சொல்லும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யுமுன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்: வென்றால் வரும் தொகையில் வரியும் சேர்த்து எவ்வளவு கழிப்பார்கள், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவை யார் ஏற்பார்கள், இடையில் நீங்கள் விலகினால் என்ன கட்ட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரையான கோரிக்கைகள் பொதுவாகச் சிறுகோரிக்கைப் பிரிவில் விசாரிக்கப்படும். சட்டத்தரணியின் செலவு அங்கே பெரும்பாலும் மறுதரப்பிடமிருந்து கிடைப்பதில்லை என்பதால், அது உங்கள் பங்கிலிருந்தே போகும். வங்கியின் பதில் கையில் கிடைத்து, கணக்கு மூடிய திகதியும் கட்டிய தொகையும் தெரிந்த பின்னரே அந்த மேசையில் உட்காருங்கள்.