தண்ணி ஏறின எஞ்சினுக்கு செல்ஃப் அடிக்காதீங்க

ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடியும். அதை ஒட்டிய நாட்களில் கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து எனக்கு போன் வந்துகொண்டே இருக்கும். “அண்ணே, போட்டைக் கட்டிப்போடும்போது எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப செல்ஃப் அடிச்சா டொக்குன்னு நிக்குது.” எத்தனை தடவை அடிச்சீங்க என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

சிலிண்டரில் தண்ணீர் நின்றால், காற்றைப்போல அது அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் செலவு எங்கேயோ போய் நிற்கும். பேட்டரி வயரை எடுத்துவிட்டு, சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் நாசில்களைக் கழற்றி, பிளைவீலைக் கையால் சுற்றுங்கள். எந்த ஓட்டையில் தண்ணீர் வருகிறதோ அந்தச் சிலிண்டர்தான். குனிந்து பார்க்காதீர்கள், முகத்தில் பீச்சும்.

அடுத்து ஆயில். தண்ணீர் கலந்து ஓடிய எஞ்சின் என்றால், ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியை உருவியதுமே மோர் நிறம் காட்டிக் கொடுக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த எஞ்சினில் அப்படித் தெரியாது. தண்ணீர் கனம், ஆயில் நிற்கும் சேம்பர் அடியில் தங்கிவிடும், குச்சியில் ஒட்டுவது மேலே மிதக்கும் நல்ல ஆயில். மட்டம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டீசல் கலந்தாலும் ஏறும், ஆனால் வாடை சொல்லிவிடும். டிரெய்ன் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும்.

தண்ணீர் வந்த வழி தெரியாமல், சிலிண்டர் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கச் சொல்பவர்கள்தான் அதிகம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் தொட்டியில் மட்டம் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட், லைனர் ஓரிங் என்று கசிவை அடைக்கும் பாகங்களில் தேடலாம். குறையவே இல்லையென்றால் பெரும்பாலும் உள்ளே வந்தது கடல் தண்ணீர். புகையோடு கடல் தண்ணீரும் வெளியேறுகிற படகுகளில் சைலன்சர் பக்கம்தான் எனக்கு முதல் சந்தேகம். எஞ்சின் பிடிக்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பம்ப் தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருக்கும். வெளியே தள்ளப் புகை இருக்காது. சைலன்சர் நிரம்பி, திரும்பி எஞ்சினுக்குள்ளேயே வரும். பிடிக்க அடம்பிடிக்கிற எஞ்சின் என்றால் கடல் தண்ணீர் வால்வை மூடிவிட்டு அடியுங்கள். பிடித்த உடனே திறக்க மறந்தால் பம்ப்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகும், அதையும் பார்த்திருக்கிறேன்.

பைபர் படகு கவிழ்ந்து எஞ்சின் மூழ்கினால் கதை வேறு. தூக்கியதும் வெயிலில் காயவைக்காதீர்கள். உப்போடு காற்றும் பட்டால் துரு உடனே வேலையைத் தொடங்கிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, அன்றைக்கே பிரித்து ஆயில் மாற்றுங்கள். முடியாவிட்டால் மெக்கானிக் வரும்வரை ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதிலேயே முக்கி வையுங்கள்.