முழங்கை மறக்க மறுக்கும் பாடம்

இலங்கை மலையகத்தின் அட்டன் நகரில் மாலை ஆறு மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால், மண்டபத் தரையில் விரித்த பயிற்சிப் பாய்கள் ஈரத்துணியைப் போலச் சில்லிட்டிருக்கும். 18 ஆண்டுகள் கராத்தே பயின்று, கறுப்புப் பட்டியோடு பிள்ளைகளுக்குக் கற்பித்தும் வந்த நான், வெள்ளைப் பட்டி கட்டிக்கொண்டு அந்தப் பாயில் ஜூடோ கற்கத் தொடங்கிய முதல் மாலையில், ஆறு மாதமே பயிற்சி பெற்றிருந்த இளைஞர் ஒருவரிடம் சில நிமிடங்களுக்குள் இருமுறை பாயைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டேன். இரண்டு முறையும் அகப்பட்டது என் வலது கைதான். அது ஏன் என்பதைத் தேடிப் போனபோதுதான், தேர்ச்சி பெற்ற ஒருவர் புதிய கலையொன்றில் வெறும் தொடக்கக்காரராக அல்லாமல், சில இடங்களில் தொடக்கக்காரருக்கும் பின்னால் நிற்கிறார் என்பது விளங்கியது.

முதலில் கையைப் பார்ப்போம். மல்லாந்து கிடக்கும் ஒருவரின் நெஞ்சின்மீது எதிராளியின் எடை அழுந்தும்போது, கராத்தே பழகிய உடல் செய்வது ஒன்றே: இரு கைகளையும் நேராக நீட்டித் தள்ளும். நீட்டிய கையால் தொலைவைக் காப்பது நிற்கும் சண்டையில் நல்ல பழக்கம். தரையிலோ நீண்ட கை ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. எதிராளி தன் இடுப்பை நம் முழங்கைக்குக் கீழே அண்டைகொடுத்து, தொடைகளால் தோளை அசையவிடாமல் இறுக்கி, இரு கைகளாலும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. கையை மடக்கும் இருதலைத் தசையோ முழங்கை அச்சிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டருக்குள்தான் இழுக்கிறது, கை முழுதாக நீண்டிருக்கும்போது அந்தத் தொலைவு இன்னும் குறைகிறது. ஆகவே எதிராளி மணிக்கட்டில் கொடுக்கும் விசைக்கு ஈடுகொடுக்க, நம் தசை அதைப்போல் ஐந்து ஆறு மடங்குக்கு மேல் இழுக்கவேண்டும். அங்கே எடையும் ஆண்டுக்கணக்கான பயிற்சியும் உதவுவதில்லை.

அப்படியானால் கையை நீட்டாமல் இருக்கலாமே என்று தோன்றும். அது அவ்வளவு எளிதன்று. 1967இல் ஃபிட்ஸ், போஸ்னர் என்னும் இரு உளவியலாளர்கள் திறன் கற்றலை மூன்று கட்டங்களாக விளக்கினர்: எண்ணி எண்ணிச் செய்வது, பிழை குறைந்து சீராவது, கடைசியில் எண்ணாமலே நிகழ்வது. மூன்றாம் கட்டத்தை எட்டிய அசைவைத் தொடங்கிவைப்பதில், மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கங்கிலியா என்ற நரம்புத் திரளுக்குப் பெரும்பங்கு உண்டு. நெருக்கடி என்ற தூண்டுதல் வந்ததும், சிந்தனை விழித்தெழுமுன்பே பழைய விடை புறப்பட்டுவிடுகிறது. சண்டைக்கலை எதையும் அறியாத ஒருவருக்கு அங்கே விடையே இல்லை; அவர் தயங்குகிறார், சொன்னதைக் கேட்கிறார். கராத்தேக்காரரிடமோ விரைவான, உறுதியான, தவறான விடை தயாராக இருக்கிறது. ஆசிரிய கலாசாலைகளில் கற்பிக்கும் ‘கற்றல் இடமாற்றம்’ என்ற பாடத்தில் இதற்கு எதிர்மறை இடமாற்றம் என்று பெயர்.

இதைவிட ஆழமான மாற்றம் புலனில் நிகழ்கிறது. கராத்தேயில் கண்ணே அரசன். எதிராளியின் தோள் அசைவதையும் இடுப்பு திரும்புவதையும் கண்டே அடுத்த அடியை ஊகிக்கிறோம். கண்ணால் கண்டு கையை அசைக்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி பிடிக்கும். ஜூடோ போன்ற பிடிச்சண்டையில் முகம் எதிராளியின் சட்டையில் புதைந்திருப்பதால் கண்ணுக்கு வேலை இல்லை. அவர் எடையை எந்தப் பக்கம் மாற்றுகிறார், எந்தப் பிடியை இறுக்குகிறார் என்ற செய்தி தோலிலும், தசை நீள்வதை உணரும் தசைக்கதிர்களிலும் வந்து சேர்கிறது. சட்டென இழுபட்ட கைத்தசை, முதல் அனிச்சை மறுமொழியைத் தண்டுவடத்தின் வழியாக நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள்ளேயே தந்துவிடுகிறது. பயிற்சியாலும் எண்ணத்தாலும் செப்பனிடக்கூடிய அடுத்த மறுமொழி பத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிடுகிறது. கண் அந்த வேகத்துக்கு ஈடாகாது. பார்வையற்றோருக்கான ஜூடோ 1988 சியோல் பரா ஒலிம்பிக்கிலிருந்து இடம்பெற்றுவருவதும், அதில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்த நிலையிலேயே ஆட்டத்தைத் தொடங்குவதும் இந்த உண்மையைக் காட்டுகின்றன.

மலையகத்தில் இதை விளக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. என் தாயார் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது ஒவ்வொரு தளிரையும் பார்த்ததில்லை. கண் அடுத்த செடியின் மேல் இருக்கும். பெருவிரலும் சுட்டுவிரலும் தண்டைத் தொட்டதும் இளசு ஒடியும், முற்றியது மறுக்கும், அந்த மறுப்பிலேயே விரல் விலகிவிடும். “பாத்தா பறிக்கிறது? வெரலுக்கே தெரியும்” என்பார். ஜூடோப் பாயில் எனக்கு இல்லாதிருந்தது அந்த விரல்தான்.

மூச்சு வாங்குவதைப் பற்றியும் சொல்லவேண்டும். மலையின் உயரமே காரணம் என்று எங்கள் பக்கம் பலர் கருதுகின்றனர். ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பது உண்மையே. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த உடல் அதற்குப் பழகியிருக்கிறது; அதே காற்றைத்தான் எதிரிலிருந்த இளைஞரும் சுவாசித்தார். முதன்மையான காரணம் இறுக்கம் என்பதே என் முடிவு. புதியவர் கையை மடக்கும் தசையையும் நீட்டும் தசையையும் ஒருசேர இறுக்குகிறார். அசைவின்றி வலுவாக இறுகிய தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களையே நசுக்குவதால் ஒட்சிசன் வரத்து குறைகிறது, கழிவு தேங்குகிறது, முன்கை கல்லாகிறது. கராத்தேயில் குத்து இலக்கைத் தொடும் கணத்தில் மட்டும் இறுக்கி உடனே தளர்த்துவது வழக்கம். பிடிச்சண்டையில் அந்தக் கணம் முடிவதே இல்லை என்று உடல் எண்ணிக்கொள்கிறது.

பழைய பயிற்சி முழுவதும் வீணாவதில்லை. இடுப்பைத் திருப்பி விசை எழுப்புவதும், சமநிலை உணர்வும், நெருக்கடியில் பதறாமல் இருப்பதும் சில வாரங்களிலேயே கைகொடுக்கத் தொடங்குகின்றன.

முழங்கையின் பழக்கமோ அழிவதில்லை. புதிய பழக்கம் அதன்மேல் படிந்து அதை அடக்கிவைக்கிறது. அதனால்தான் களைத்த நேரத்தில் அது மீண்டும் தலைகாட்டுகிறது. ஒரே நுட்பத்தை ஐம்பது முறை தொடர்ந்து செய்தால் அன்று கைவந்ததுபோல் இருக்கும். ஆனால் பலவற்றைக் கலந்து பயின்றவர்களே பின்னாளில் நன்கு நினைவில் வைத்திருந்தனர் என்பதை 1979இல் ஷேயும் மோர்கனும் கையசைவுச் சோதனையொன்றில் காட்டினர். 1882இல் கோடோகன் என்னும் ஜூடோப் பள்ளியை நிறுவிய ஜிகோரோ கானோ, வகுத்த முறைகளோடு நில்லாமல் ராண்டோரி என்னும் தடையற்ற பயிற்சிக்குப் பெரிய இடம் கொடுத்ததை இந்தக் கண்ணோடு பார்க்கும்போது அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

இப்போது வாரத்தில் ஒருநாள் கண்களை மூடிக்கொண்டு, அரை வேகத்தில் பயில்கிறோம். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கவேண்டும் என்பது மட்டுமே விதி. போன வாரம், எதிராளியின் வலது தொடை தரையிலிருந்து எடை நீக்குவது என் வயிற்றில் தெரிந்தது. அவர் கால் எழுமுன் என் வலது முழங்கை தானாகவே உள்ளே வந்திருந்தது. அடுத்த சுற்றில், களைத்திருந்தபோது, அதே கை மறுபடியும் நேராக நீண்டது.