மொட்டை மாடியில் நின்று நட்சத்திரத்தை எடை போடலாம்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: 4 அங்குல டெலஸ்கோப் வாங்கினேன், நிலா, சனி, வியாழன் எல்லாம் பார்த்தாயிற்று, ஊர் வெளிச்சத்தில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி ஏதோ அழுக்குத் திட்டு மாதிரி தெரிகிறது, நெபுலாக்கள் கண்ணிலேயே படவில்லை, விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். இரட்டை நட்சத்திரங்கள் பக்கம் திருப்புங்கள். கேலக்ஸியின் வெளிச்சம் பரந்து கிடப்பது, நீங்கள் பெரிதாக்கப் பெரிதாக்க அதுவும் சேர்ந்து மங்கும். நட்சத்திரம் அப்படியில்லை. அது புள்ளி. 150 மடங்கு பெரிதாக்கினால் பின்னால் இருக்கும் தெருவிளக்கு வெளிச்சம் நீர்த்துப்போய் வானம் கருப்பாகும், புள்ளி அப்படியே நிற்கும். நகரத்துக்கு நடுவே குடியிருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வேலை வானத்தில் கிடையாது என்பேன்.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்துத் தெரியும் இரண்டு நட்சத்திரங்கள் தற்செயலாக ஒரே திசையில் இருக்கலாம், அல்லது நிஜமாகவே ஒன்றையொன்று ஈர்ப்பால் சுற்றலாம். எல்லாம் தற்செயல்தான் என்று நினைத்துத்தான் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் ஜோடிகளைப் பட்டியல் போட ஆரம்பித்தார், 1782-ல் 269 ஜோடிகளை வெளியிட்டார். இருபது வருடம் கழித்து அதே ஜோடிகளைத் திரும்ப அளந்தபோது சில திசை மாறியிருந்தன. இவை சுற்றுகின்றன என்று 1803-ல் எழுதினார். 1827-ல் ஃபெலிக்ஸ் சவாரி என்ற பிரெஞ்சுக்காரர் சப்தரிஷி மண்டலத்துக் க்ஸை நட்சத்திரத்துக்குச் சுற்றுப்பாதையே கணக்குப் போட்டுக் கொடுத்தார், சுமார் 60 வருடத்துக்கு ஒரு சுற்று.

நம்மூரில் இரட்டை என்றால் அருந்ததியும் வசிஷ்டரும்தான். வெறுங்கண்ணுக்கே இரண்டு தெரியும். டெலஸ்கோப்பில் வசிஷ்டரே, அதாவது மிஸாரே, இரண்டாகப் பிரியும், இடைவெளி 14 ஆர்க்செகண்டு சொச்சம் (ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் வருவது ஒரு ஆர்க்செகண்டு). 1617-லேயே கலிலியோவின் மாணவர் கஸ்டெல்லி பார்த்துவிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். அந்த இரண்டும் தலா ஒரு ஜோடி, அருந்ததிக்கும் ஒரு துணை இருப்பது 2009-ல் தெரியவந்தது, ஆக மொத்தம் ஆறு. முகூர்த்த நேரத்துப் பட்டப்பகலில் ஐயர் வானத்தைக் காட்ட, பொண்ணும் மாப்பிள்ளையும் தெரிகிறது என்று தலையாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கல்யாணத்தில் அது ஒரு அழகு. ஆனால் ‘அருந்ததியும் வசிஷ்டரும் ஒன்றையொன்று சுற்றுவது நம் முன்னோருக்கு அன்றே தெரியும்’ என்று வருடாவருடம் சுற்றும் வாட்ஸ்அப் செய்தி சுத்தப் புளுகு. அந்த இரண்டும் சுற்றினால்கூட ஒரு சுற்றுக்கு லட்சக்கணக்கான வருடம் பிடிக்கும். அதை வெறுங்கண்ணால் கண்டுபிடிக்க எத்தனை தலைமுறை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்?

பெருமைப்பட உண்மையான விஷயம் இருக்கும்போது பொய் எதற்கு? சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பிரகாசமான நட்சத்திரம் ஆல்பா சென்டாரி. அது ஒன்றல்ல, இரண்டு என்று முதலில் கண்டது புதுச்சேரியில். 1689 டிசம்பரில், சயாமிலிருந்து வந்து சேர்ந்திருந்த ழான் ரிஷோ என்ற சேசு சபைப் பாதிரியார் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் 12 அடி நீள டெலஸ்கோப் குழாயைத் திருப்பியபோது ஆல்பா சென்டாரி இரண்டாகத் தெரிந்தது. அவர் பார்த்த நாளிலிருந்து அந்த இரண்டும் நாலு சுற்று முடித்து ஐந்தாவதில் இருக்கின்றன.

இந்த ஜோடிகளை ஏன் அளக்க வேண்டும்? தனி நட்சத்திரத்தின் எடையை நேரடியாக அறிய நம்மிடம் தராசு இல்லை, வெளிச்சத்தையும் நிறத்தையும் வைத்து ஊகிக்கத்தான் முடியும். இரண்டு நட்சத்திரம் ஒன்றையொன்று சுற்றினால் கெப்ளரின் மூன்றாம் விதி கைகொடுக்கும், இடைவெளியும் சுற்றும் காலமும் தெரிந்தால் மொத்த எடையைச் சொல்லிவிடும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்துக்கொண்டால் ஆல்பா சென்டாரி ஜோடியின் சராசரி இடைவெளி 23.3, சுற்றும் காலம் 79.8 வருடம். 23.3-ன் முப்படியை 79.8-ன் வர்க்கத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 2. இரண்டும் சேர்ந்து இரண்டு சூரியன் எடை, அவ்வளவுதான் கணக்கு. இதற்கு வேண்டியது சுற்றுப்பாதை, அதற்கு வேண்டியது பல பத்தாண்டுகளாக எடுத்த அளவுகள். ஒவ்வொரு அளவிலும் இரண்டே எண்கள்: இடைவெளி எவ்வளவு, எந்தத் திசையில்.

அளப்பது எப்படி என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1 ஆர்க்செகண்டு என்பது ஐந்தரை கிலோமீட்டர் தள்ளி வைத்த பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். அதை மாடியில் உட்கார்ந்து அளக்க எங்கே போய் ஸ்கேல் வாங்குவது? வாங்க வேண்டாம், பூமி சுழல்வதே ஸ்கேல். பூமி நட்சத்திரங்களைப் பொறுத்து ஒரு சுற்றுச் சுற்ற 86,164 விநாடி. ஒரு வட்டத்தில் 12,96,000 ஆர்க்செகண்டு. வகுத்தால் விநாடிக்கு 15.04. டெலஸ்கோப்பைத் திருப்பும் மோட்டாரை நிறுத்திவிட்டால் வான நடுக்கோட்டில், அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே, இருக்கும் நட்சத்திரம் இந்த வேகத்தில் ஐபீஸுக்குள், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸுக்குள், நகரும். துருவத்தை நெருங்க நெருங்க வட்டம் சிறுத்து வேகம் குறையும், அதனால் அந்த நட்சத்திரத்தின் டெக்ளினேஷனுக்குரிய (வான நடுக்கோட்டிலிருந்து அது எத்தனை பாகை தள்ளி இருக்கிறது என்பதற்குரிய) கொசைனால் பெருக்கிக்கொள்ள வேண்டும். மிஸாருக்கு அது விநாடிக்கு 8.64.

இதற்கென்றே ஒரு ஐபீஸ் உண்டு. உள்ளே சிவப்பு விளக்கு, கண்ணாடியில் பொறித்த 50 கோடுள்ள அளவுகோல், ஓரத்தைச் சுற்றிப் பாகைமானி. மிஸாரை அளவுகோலின் ஒரு முனைக்கு வெளியே நிறுத்தி மோட்டாரை அணைத்துவிட்டு, முதல் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்ச்சை அமுக்குங்கள், கடைசிக் கோட்டைத் தாண்டும்போது நிறுத்துங்கள். 29 விநாடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 29-ஐ 8.64-ஆல் பெருக்கினால் 250, அதை 50-ஆல் வகுத்தால் ஒரு பிரிவுக்கு 5 ஆர்க்செகண்டு. உங்கள் டெலஸ்கோப்புக்கு அளவுகோல் தயார். இனி மோட்டாரைப் போட்டு, இரண்டு நட்சத்திரமும் கோட்டின் மேல் வரும்படி ஐபீஸைத் திருகி, எத்தனை பிரிவு என்று எண்ணினால் போதும். மிஸாருக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வரும்.

திசைக்கோணம் இதைவிட அழகு. ஜோடி அளவுகோலோடு ஒட்டி இருக்கும் அதே நிலையில் பிரகாசமானதை நடுமையத்துக்குக் கொண்டுவந்து மோட்டாரை அணையுங்கள். நட்சத்திரம் தானாக மேற்கு நோக்கி ஊர்ந்துபோய் ஓரத்துப் பாகைமானியை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடம்தான் வானத்தின் மேற்கு, 270 பாகை. திசைகாட்டி வேண்டாம், மேப் வேண்டாம், மேற்கு எது என்று நட்சத்திரமே போய்த் தொட்டுக் காட்டுகிறது. வடக்கிலிருந்து கிழக்கு வழியாக எண்ணினால் ஜோடியின் கோணம் கிடைத்துவிடும். இதையே பத்துத் தடவை செய்து சராசரி எடுக்க வேண்டும், காற்று கலங்கியிருக்கும் இரவில் அளவு கால் பிரிவு, அரைப் பிரிவு என்று தாராளமாக ஆடும். மோட்டார் இல்லாத டாப்சோனியன் வகை டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் நட்சத்திரம் நகர்வதைச் சின்ன கேமராவில் வீடியோ எடுத்து, அந்தக் கோட்டை வைத்தே இரண்டையும் கணக்கிடுகிறார்கள்.

அளவு எவ்வளவு துல்லியம் என்பதில் கவனம் தேவை என்பதற்குச் சென்னையிலேயே ஒரு கதை இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற ஜோடி கணக்குக்கு ஒத்துவராமல் ஆடுவதைப் பார்த்து, அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று 1855-ல் எழுதினார். சூரியக் குடும்பத்துக்கு வெளியே கோள் என்று அளவுகளைக் காட்டிப் பேசிய மிகப் பழைய கூற்றுகளில் அது ஒன்று. கோள் இல்லை. ஆனாலும் தந்தி வசதிகூடச் சரியாக வராத ஊரில் இருந்துகொண்டு அவ்வளவு நுணுக்கமாகப் பேசினார் என்பது சாதாரணமா?

இப்போது கையா செயற்கைக்கோள் எல்லாவற்றையும் அளந்துவிட்டதே, நாம் எதற்கு என்று கேட்பீர்கள். கையா அற்புதம்தான். ஆனால் அது 2014-லிருந்து 2025 ஜனவரி வரைதான் அளந்தது, கண்ணைக் கூசும் பிரகாசமான நட்சத்திரங்களில் அதற்குச் சிரமம் உண்டு, இருநூறு வருடம் சுற்றும் ஜோடிக்குப் பத்து வருடம் என்பது ஒரு துண்டு. அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கும் வாஷிங்டன் பட்டியலில் 1,50,000-க்கும் மேற்பட்ட ஜோடிகள் இருக்கின்றன, பலவற்றை எப்போதோ ஓரிரு தடவை அளந்ததோடு சரி. காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பில் இதற்கெல்லாம் நேரம் தர மாட்டார்கள், தரவும் கூடாது. பொழுதுபோக்காளர்கள் ஒழுங்காக அளந்து வெளியிட்டால் அந்த அளவுகள் பட்டியலில் ஏறும்.

எனக்கு இங்கே ஒரு ஆதங்கம். ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ இந்தியா திட்டத்துக்கு 2023-ல் 2,600 கோடி ஒதுக்கினார்கள், சந்தோஷம், இன்னும் கூடக் கொடுக்கலாம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு அரசுப் பள்ளியில் ஒரு டெலஸ்கோப்பும் இந்த ஐபீஸும் வைப்பதற்கு அதில் சுண்டுவிரல் நகம் அளவுகூட ஆகாது. பதினோராம் வகுப்பில் கெப்ளர் விதியை மனப்பாடம் செய்யும் பிள்ளை, தானே எடுத்த இரண்டு எண்ணை உலகப் பட்டியலுக்கு அனுப்பலாம். நாம் வாங்கித் தருவது சார்ட் பேப்பர்.

சரி, வாசகருக்கு வருகிறேன். உங்கள் 4 அங்குலத்துக்கு எல்லை சுமார் 1.14 ஆர்க்செகண்டு. அதற்குக் கீழே எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரியாது. வெளிச்சம் அலை என்பதால் ஒவ்வொரு நட்சத்திரமும் வளையம் சூழ்ந்த குட்டித் தட்டாகத்தான் விழும், கண்ணாடி சிறியதென்றால் தட்டு பெரியது, இரண்டு தட்டும் ஒன்றாகிவிடும். ஆகவே 10 ஆர்க்செகண்டை ஒட்டியோ அதற்கு மேலோ இடைவெளி உள்ளவற்றில் தொடங்குங்கள். டிசம்பர், ஜனவரி முன்னிரவில் ஆல்மாக் பார்க்கலாம், மஞ்சளும் நீலமும், 10-ஐ ஒட்டி. தெற்கே காமா வெலோரம், 41, ஜனவரியில் கொஞ்சம் நேரம் கழித்து மேலே வரும். மே கடைசியில் இரவு பத்து மணிக்கு வடக்கே மிஸாரும் தெற்கே ஆல்பா சென்டாரியும் ஒரே நேரத்தில் கிடைக்கும். ஆல்பா சென்டாரி புதுச்சேரியில்கூட 17 பாகை உயரம்தான் ஏறும், காற்று கொதிக்கும், படம் குதிக்கும். 2016-ல் 4 ஆர்க்செகண்டு வரை நெருங்கியிருந்த அந்த ஜோடி 2029 வாக்கில் 10-ஐத் தொடும், அதனால் அடுத்த சில மே மாதங்கள் அதற்குத் தோதானவை. தேதியை மட்டும் வருடத்தின் தசமமாகக் குறித்துக்கொள்ளுங்கள் (மே கடைசி என்றால் வருடத்துக்குப் பின்னால் .41 என்பதுபோல), பட்டியல்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.