கப்பல் ஏறிய ஊரும் சொந்த ஊரும்

ராயபுரத்தில் வக்கீல் தொழில் செய்கிறேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் அவ்வப்போது என் அலுவலகப் படியேறுவது உண்டு. போன வருஷம் வந்த டர்பன் அம்மாவின் கையில் கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பத்திரம் இருந்தது. பிறந்த ஊர்: மெட்ராஸ். அதை நம்பி மூன்று நாள் காசிமேட்டுத் தெருக்களில் விசாரித்திருக்கிறார், பாவம்.

மெட்ராஸ் அந்தக் காலத்தில் கூலி வேலைக்குப் போனவர்கள் கப்பல் ஏறிய இடம், அவ்வளவுதான். 1860 அக்டோபரில் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் இங்கிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அன்றைக்கு இங்கே துறைமுகமே கிடையாது. மசூலாப் படகில் அலை தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர்கள், கல்கத்தா வழியாகப் போனவர்களையும் சேர்த்து, ஒன்றரை லட்சத்துக்கும் மேல். நம் பக்கத்திலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டுக் கிராமத்து ஆட்கள்.

பெயரை வைத்துத் தேடுவதும் வீண். முதலியார் அங்கே மூட்லி ஆகிவிட்டார். சில வீடுகளில் அப்பா பெயரே பரம்பரைப் பெயராக நின்றுவிட்டது. கப்பல் பட்டியலில் முனுசாமிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், தலை சுற்றும்.

தேட வேண்டியது எண்ணை. நேட்டாலில் இறங்கிய ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை இருக்கும். பிள்ளைகளின் பழைய பிறப்பு, கல்யாணப் பத்திரங்களிலும் பெற்றோரின் எண் பல நேரம் கிடைக்கும். அந்த அம்மா தம்பிக்கு போன் போட்டு வீட்டுப் பெட்டியைத் துழாவச் சொன்னார். தாத்தாவின் கல்யாணப் பத்திரத்தில் எண் இருந்தது.

பட்டியலில் வட ஆற்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது, இன்றைக்கு ஆந்திரா. கிராமத்தின் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். இதையெல்லாம் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படித்தால்தான் ஊர் பிடிபடும்.

இன்னொன்று. ஒரு தரகர் அதற்குள் பணம் வாங்கிக்கொண்டு, ராயபுரத்துக் குடும்பம் ஒன்றோடு இவரை இணைத்து முத்திரையோடு வம்சாவளி தயாரித்திருந்தார். அதில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள் என்று தடுத்தேன். நாளைக்கு யாரோ பாகப்பிரிவினை வழக்கில் அதை நீட்டினால், டர்பனிலிருந்து சாட்சிக் கூண்டுக்கு ஓடிவர வேண்டியிருக்கும்.

சித்தூர் பக்கம் ஒத்த உச்சரிப்பில் இரண்டு கிராமங்கள் இருக்கின்றன. பொங்கலுக்கு வந்து இரண்டையும் பார்க்கப்போகிறாராம். இடது கணுக்காலில் தழும்பு என்ற வரியை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.