மீன் தொட்டி விளக்குத் தாங்கி: பிடுங்கிக்கொள்வது கீழ்க் கிளாம்ப்தான்

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள மீன் தொட்டி. அதற்கு மேல் நான்கு கிலோ எடையுள்ள எல்.இ.டி. விளக்கைத் தொங்கவிட வேண்டும். வாடகை வீட்டில் கூரையைத் துளைக்க விடமாட்டார்கள். தொட்டிக்குப் பின்னால் இரண்டு குழாய்களை நிறுத்தி, உச்சியில் முன்பக்கமாக வளைத்துவிட்டால் வேலை முடிந்தது. குழாய் வளைத்துத் தரும் பட்டறைக்குக் கோவைப் பக்கம் பஞ்சமில்லை. கணபதியிலோ குறிச்சியிலோ ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

அரை இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாய் 6 மீட்டர் நீளத்தில் ஒன்று வாங்கினால் போதும். அதன் வெளி விட்டம் 21 மி.மீ. சுமார். 2 மீட்டரில் இரண்டு துண்டு: தரையிலிருந்து 160 செ.மீ. நேராக, மிச்சம் 40 செ.மீ. தொட்டிக்கு மேல் கையாக. மீதமுள்ள குழாயில் 60 செ.மீ. வெட்டி இரு கைகளுக்கும் குறுக்கே பூட்டிவிட்டால் கைகள் பக்கவாட்டில் திரும்பாது. வளைவைச் சூடாக்காமல், குழாய் வளைக்கும் கருவியான பெண்டரில்தான் போட வேண்டும். ஜி.ஐ. குழாயைச் சூடாக்கினால் துத்தநாகப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

ஒவ்வொரு குழாயையும் தொட்டி உட்கார்ந்திருக்கும் ஸ்டாண்டின் பின்பக்கத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கிளாம்புகளால் பிடித்துப் பூட்ட வேண்டும். எல்லாரும் மேல் கிளாம்பைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். ஆனால் விளக்கின் எடை குழாயின் உச்சியை முன்னால் சாய்க்கும்போது, மேல் கிளாம்புப் பக்கம் குழாய் ஸ்டாண்டின் மீதே அழுந்துகிறது. ஸ்டாண்டை விட்டு விலகப் பார்ப்பது அடிப்பகுதி. ஆகவே பிடுங்கிக்கொண்டு வருவது கீழ்க் கிளாம்பின் திருகுதான். கணக்கு எளிது: ஒரு கைக்கு 2 கிலோ, விளக்கு குழாயிலிருந்து 28 செ.மீ. முன்னால். இரண்டு கிளாம்புகளுக்கும் இடைவெளி 56 செ.மீ. என்றால் கீழே இழுப்பு 1 கிலோதான். இடம் போதவில்லை என்று 14 செ.மீ.க்குள் இரண்டையும் அடித்தால் அதே விளக்குக்கு 4 கிலோ. ஸ்டாண்ட் பார்ட்டிக்கிள் போர்டாக (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) இருந்து ஈரத்தில் ஊறியிருந்தால், மரத்திருகு இதற்குத் தாங்காது. பலகையை ஊடுருவும் 6 மி.மீ. போல்ட்டும் உள்பக்கம் அகலமான வாஷரும் போடுங்கள்.

இந்த அளவில் ஜி.ஐ. கையின் தொய்வு 2 மி.மீ.க்கும் குறைவு. அந்தத் தொய்வும் பெரும்பாலும் கை வளைவதால் வருவதல்ல, நிற்கும் குழாய் வளைவதால் வருவது. மலிவு என்று பி.வி.சி. குழாயைப் போடுபவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். எஃகு பி.வி.சி.யைவிட 60 மடங்குக்கு மேல் விறைப்பானது. அதே பருமனில் பி.வி.சி. போட்டால் தொய்வு 10 செ.மீ.யைத் தொடும், நாளாக ஆக இன்னும் இறங்கும்.

தொங்கவிடச் சைக்கிள் பிரேக் வயரே தாராளம், துருப்பிடிக்காத வகையாகப் பார்த்து வாங்கினால். நைலான் கயிறு நாளடைவில் நீளும். ஜன்னல் பக்கம் தொட்டி இருந்தால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும்போது விளக்கு ஊஞ்சலாடும். அதற்கு ஒவ்வொரு கையிலும் நிற்கும் குழாயிலிருந்து 18, 38 செ.மீ. தூரத்தில் இரண்டு கொக்கி மாட்டி, இரு வயர்களும் விளக்கில் ஒரே இடத்தில் சேரும்படி 'வி' வடிவில் இறக்குங்கள். முன்பின் ஆட்டம் நின்றுவிடும். இரண்டின் சராசரி 28 என்பதால் மேலே போட்ட கணக்கும் மாறாது.

எந்த உயரம்? நீருக்குள் நுழைந்த ஒளியின் பெரும்பகுதி பக்கக் கண்ணாடியில் முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே திரும்புகிறது. வீணாவது தொட்டியின் விளிம்புக்கு வெளியே சிந்துவதுதான். மூடியோ பிரதிபலிப்பானோ இல்லாத நீளமான விளக்கு ஒன்றை 45 செ.மீ. அகலத் தொட்டியின் நடுவில் வைத்தால், 13 செ.மீ. உயரத்தில் சுமார் 87 சதவீத ஒளி உள்ளே விழும், 20 செ.மீ.யில் 75; 30 செ.மீ.யில் 60. இரு முனைகளில் சிந்துவது இதில் சேரவில்லை. பாசி கட்டுக்கடங்காமல் போனால் விளக்கை 20-லிருந்து 30-க்கு உயர்த்துவது, டிம்மர் இல்லாமலே ஐந்தில் ஒரு பங்கு ஒளியைக் குறைப்பதற்குச் சமம். ஆரம்பத்தில் 20 வையுங்கள். அதற்குக் கீழே போனால் தெறிக்கும் துளிகள் விளக்கில் காய்ந்து படியும். சிறுவாணித் தண்ணீரானால் பரவாயில்லை. போர் தண்ணீரில் வெள்ளை உப்புக் கறை சீக்கிரமே ஒளியை மறைக்கும்.

குழாய் உலோகம், கீழே தண்ணீர். எனவே தாங்கிக்குக் கட்டாயம் எர்த் கொடுங்கள், மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகவே மின்சாரம் எடுங்கள். ஒயர் பிளக்கை அடைவதற்கு முன் பிளக்கைவிடத் தாழ்ந்து ஒரு வளைவாகத் தொங்கி மேலேறட்டும். ஒயர் வழியே இறங்கும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

விளக்கை மாட்டுவதற்கு முன், தொட்டியின் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடிவிட்டு, அதே கொக்கிகளில் எட்டுக் கிலோ அரிசிப் பையை ஒரு நாள் தொங்கவிடுங்கள். மறுநாள் டார்ச் அடித்துக் கீழ்க் கிளாம்பைப் பாருங்கள். குழாய்க்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே காகிதம் நுழையும் அளவு இடைவெளி விட்டிருந்தால் போல்ட்டை இறுக்குவதோடு நிறுத்தாமல் இன்னும் பெரிய வாஷர் போடுங்கள்.