கொசுவம் கலைவதும் நிலைப்பதும்

கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்திப் புடவையைக் காலையில் கட்டும்போது, கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பும் கெட்டித் தாளை மடித்ததுபோல விளிம்பு நிமிர்ந்து நிற்கும். பேருந்தில் ஒரு மணி நேரம் நின்று, அலுவலக நாற்காலியில் அரை நாள் உட்கார்ந்து எழுந்தால், அதே மடிப்புகள் கூர்மை இழந்து ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும். மடிப்பே வேண்டாத இடங்களில் புதிதாகச் சுருக்கங்கள் விழுந்திருக்கும். சில ஆண்டுகளாகப் பெண்களுக்கான ஃபேஷன் இதழ்களில் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கும் ப்ளீட்டட் பாவாடையோ இதற்கு நேர்மாறானது. விசிறிபோல் நெருக்கமாக மடிக்கப்பட்ட அந்தப் பாவாடையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாலும், துவைத்துக் கொடியில் போட்டாலும், மடிப்பு மாறாமல் அப்படியே இருக்கிறது. ஒன்று அரை நாளில் கலைய, மற்றொன்று ஆண்டுக்கணக்கில் நிலைப்பதற்கான காரணத்தைத் தையலில் தேடினால் கிடைக்காது. நூலுக்குள் இருக்கும் மூலக்கூறுகள் தண்ணீரோடும் வெப்பத்தோடும் எப்படிப் பழகுகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

துணியை மடிக்கும்போது நூலின் இழைகள் வளைகின்றன. வளைந்த இழையின் வெளிப்பக்கம் சற்று நீள்கிறது; உட்பக்கம் சற்று நசுங்குகிறது. இழுக்கப்பட்ட பக்கமும் நசுக்கப்பட்ட பக்கமும் பழைய நிலைக்குத் திரும்பவே முயலும் என்பதால், கையை எடுத்ததும் துணி விரிந்துகொள்கிறது. மடிப்பு நிலைக்க வேண்டுமானால், இழை வளைந்திருக்கும் அந்த நிலையிலேயே உள்ளிருக்கும் மூலக்கூறுகள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொண்டு, இழுவிசை தணிந்து, புதிய வடிவத்தையே தம் இயல்பான வடிவமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். முதலில் மூலக்கூறுகளைத் தளர்த்துவது, பிறகு துணியை வேண்டிய வடிவில் பிடித்துக்கொள்வது, அந்தப் பிடியிலேயே அவற்றை மீண்டும் இறுக விடுவது என்ற வரிசையைத்தான் உலகில் துணி மடிக்கும் எல்லா முறைகளும் பின்பற்றுகின்றன. எதைக் கொண்டு தளர்த்துகிறோம் என்பதில்தான் பருத்தியும் பட்டும் கம்பளியும் பாலியஸ்டரும் வேறுபடுகின்றன.

பருத்தி என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். நீண்ட சங்கிலிபோன்ற அதன் மூலக்கூறுகள் சில இடங்களில் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாகவும், மற்ற இடங்களில் ஒழுங்கின்றித் தளர்வாகவும் கிடக்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். இவை ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் வலுவற்றவை. ஆனால் எண்ணிக்கையில் மிக அதிகம். தண்ணீர் மூலக்கூறும் இதே வகைப் பிணைப்பை உருவாக்கக் கூடியது என்பதால், அது ஒழுங்கற்ற பகுதிகளுக்குள் நுழைந்து, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையிலிருந்த பிணைப்பைப் பிரித்து, அந்த இடத்தில் தானே ஒட்டிக்கொள்கிறது. முற்றிலும் உலர்ந்த செல்லுலோஸ் இளகுவதற்கு 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். நன்றாக நனைந்த செல்லுலோஸுக்கோ நம் வீட்டு வெப்பநிலையே போதும்.

இஸ்திரி போடுபவர் துணியின்மேல் முதலில் தண்ணீர் தெளிப்பதன் காரணம் இதுதான். தெளித்த நீர் பிணைப்புகளை அவிழ்க்கிறது. பெட்டியின் சூடு சங்கிலிகளை அசைய வைக்கிறது. அதன் எடை இழையை மடிப்பின் வடிவில் அழுத்திப் பிடிக்கிறது. அதே சூடு நீரை ஆவியாக்கி விரட்டியதும், அப்போது சங்கிலிகள் எந்த இடத்தில் இருக்கின்றனவோ அங்கேயே புதிய ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகி மடிப்பைப் பூட்டிவிடுகின்றன. மாலையில் கொசுவம் கலைவது இதே வேலை நம்மை அறியாமல் மறுபடியும் நடப்பதால்தான். உடலின் வியர்வையும் காற்றின் ஈரமும் பூட்டைத் திறக்கின்றன, உடலின் சூடு சங்கிலிகளை அசைக்கிறது, உட்கார்ந்திருக்கும் நம் எடை இஸ்திரிப் பெட்டியாகிறது. மடியில் விழும் சுருக்கங்கள் நாமே போட்ட இஸ்திரி என்று சொன்னால் அது உவமை அன்று, இயற்பியல்படி உண்மை.

இந்த இடத்தில் கஞ்சியின் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பலர் நினைப்பதைவிட நுட்பமானது. ஒரு கட்டுத் தாளை வளைத்தால் எளிதாக வளையும், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்வதால். அதே தாள்களைப் பசை தடவி ஒட்டிவிட்டால் அது அட்டையாகிவிடும், வளைக்கக் கை வலிக்கும். ஒரு பருத்தி நூலுக்குள்ளும் இழைகள் இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. கொதிக்கும் வடிகஞ்சியில் பருத்துக் கரைந்த மாவுச்சத்து அந்த இழைகளுக்கு இடையில் புகுந்து, உலர்ந்ததும் அவற்றை ஒட்டிவிடுகிறது. மாவுச்சத்தும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் அலகுகளால் ஆனவை என்பதால் இரண்டும் நன்றாகப் பற்றிக்கொள்கின்றன. எனவே கஞ்சி மடிப்புக்கு நினைவைத் தருவதில்லை, விறைப்பைத் தருகிறது. அதுவும் தண்ணீருக்குக் கட்டுப்பட்டதே என்பதால், வியர்வை பட்ட இடத்தில் முதலில் தளர்வதும் அதுவே.

பட்டின் கதையும் இதை ஒட்டியதுதான். பட்டின் புரதச் சங்கிலிகளையும் ஹைட்ரஜன் பிணைப்புகளே அடுக்கி வைத்திருக்கின்றன. ஸ்பெயினில் பிறந்து வெனிஸ் நகரில் வாழ்ந்த மரியானோ ஃபார்ச்சுனி, 1909-இல் பட்டைச் சீரற்ற மெல்லிய மடிப்புகளாக மடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். டெல்ஃபோஸ் என்று பெயர் பெற்ற அந்த நீண்ட அங்கி, கிரேக்கச் சிலைகளின் ஆடையைப் போல உடலைத் தழுவி விழுந்தது. அந்த வடிவமைப்பு தம் மனைவி ஹென்ரியெட்டினுடையது என்று ஃபார்ச்சுனியே எழுதி வைத்திருக்கிறார். மடிப்பு கலையாமல் இருக்க அங்கியை நூல் சிட்டத்தைப் போல முறுக்கிச் சிறிய வட்டப் பெட்டியில் வைப்பது வழக்கம். நனைந்தால் மடிப்பு போய்விடும் என்பதால், வாங்கிய பெண்கள் அதை ஃபார்ச்சுனியின் பட்டறைக்கே திருப்பி அனுப்பி மறுபடியும் மடித்து வாங்கிக்கொண்டார்கள். பட்டு மடிப்பின் இன்னொரு முகத்தை நம் வீட்டு அலமாரியில் பார்க்கலாம். என் பாட்டியின் காஞ்சிப் பட்டு ஒன்று, பல ஆண்டுகள் மாற்றி மடிக்கப்படாமலேயே கிடந்து, ஒருநாள் விரித்தபோது மடித்த கோடுகளின் வழியே ஜரிகை விட்டுப்போயிருந்தது. ஜரிகை என்பது நூலின்மேல் சுற்றிய மெல்லிய உலோகத் தகடு. ஒரே இடத்தில் நெடுங்காலம் அழுத்தத்தில் வளைந்து கிடந்து, விரிக்கும்போதெல்லாம் அங்கேயே நிமிர்ந்தால், வளைத்து வளைத்து ஒடிக்கும் கம்பியைப் போலத்தான் அதுவும் ஒடியும். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடச் சொல்லும் பெரியவர்களின் பேச்சை நான் இப்போது தவறாமல் கேட்கிறேன்.

கம்பளியில் கூடுதலாகக் கந்தகப் பிணைப்புகள் உண்டு, நம் தலைமுடியில் இருப்பதைப் போலவே. அழகு நிலையத்தில் முடியை நிரந்தரமாகச் சுருட்டப் பயன்படும் வேதியியலைக் கொண்டே, 1950-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் கம்பளிப் பாவாடைகளுக்கு நிலைத்த மடிப்பைக் கொடுத்தது. கந்தகப் பிணைப்பைத் தண்ணீரால் மட்டும் அவிழ்க்க முடியாது என்பதால் அந்த மடிப்பு மழைக்கும் அசையவில்லை.

இதழ்களில் நாம் பார்க்கும் பாவாடைகள் பெரும்பாலும் பாலியஸ்டரால் ஆனவை. 1941-இல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சனும் உருவாக்கிய இந்த இழைக்குத் தண்ணீரின்மேல் நாட்டமே இல்லை. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் நீரை ஏற்றுக்கொள்கிறது என்றால், பாலியஸ்டர் ஏற்பது சுமார் 0.4 சதவீதம் மட்டுமே. எனவே இங்கே சங்கிலிகளைத் தளர்த்தும் பொறுப்பு முழுவதும் வெப்பத்தின்மேல் விழுகிறது. சுமார் 70 முதல் 80 டிகிரிக்கு மேல் அதன் ஒழுங்கற்ற பகுதிகள் இளகத் தொடங்கும். சுமார் 260 டிகிரியில் இழையே உருகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில், 180 முதல் 200 டிகிரி வரையிலான வெப்பத்தில் துணியை மடித்து அழுத்தினால், இழைக்குள் இருக்கும் மிகச் சிறிய, ஒழுங்கு குறைந்த படிகங்கள் உருகி, மடிப்பின் வடிவிலேயே மேலும் உறுதியான படிகங்களாக மறுபடி உருவாகின்றன. அவற்றைக் கலைக்க வேண்டுமானால் ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தை மீண்டும் கொடுக்க வேண்டும். கொதிக்கும் நீரே 100 டிகிரிதான் என்பதால், துவைப்பதால் அந்த மடிப்பு அழியாது. மிகச் சூடான நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் இளகிய பகுதிகளில் வேண்டாத சுருக்கங்கள் விழலாம் என்பதால் குளிர்ந்த நீரில் துவைப்பது நல்லது.

மடிக்கும் கலையில் கைவேலைக்கு இன்னும் இடம் இருக்கிறது. பாரிஸில் 1853-இல் தொடங்கிய லோஞோன் பட்டறையில், மடிப்புகளோடு தயாரித்த இரண்டு கெட்டித் தாள் அச்சுகளுக்கு நடுவே துணியை விரித்து, அச்சோடு சேர்த்துச் சுருக்கிக் கட்டி, நீராவி அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள். வழக்கமான முறையில் துணியை முதலில் மடித்துவிட்டுப் பிறகு வெட்டித் தைப்பார்கள். ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். உடுத்தும் அளவைப்போல ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாக ஆடையை முதலில் தைத்து முடித்து, பிறகு முழு ஆடையையும் தாள்களுக்கு இடையில் வைத்துச் சூடான அழுத்தப் பொறிக்குள் செலுத்தினார். 1993-இல் ப்ளீட்ஸ் ப்ளீஸ் என்ற பெயரில் தனி வரிசையாக வந்த இந்த ஆடைகளில் மடிப்பு வெறும் அலங்காரம் அன்று. ஒவ்வொரு மடிப்பும் ஒரு வில்லைப் போல விரிந்து சுருங்குவதால், ஒரே ஆடை பல உடலமைப்புகளுக்குப் பொருந்துகிறது. இது நமக்குப் புதிய கணக்கும் அன்று. ஐந்து அங்குல அகலமுள்ள ஒரு கொசுவ மடிப்புக்குப் பத்து அங்குலத் துணி செலவாகிறது. ஏழு மடிப்பு வைத்தால் ஏறத்தாழ 1.75 மீட்டர், அதாவது ஐந்தரை மீட்டர்ப் புடவையில் மூன்றில் ஒரு பங்கு, நடப்பதற்கும் உட்காருவதற்கும் வேண்டிய தாராளமாக முன்னால் மடிந்து நிற்கிறது.

ஆனாலும் பாலியஸ்டர் மடிப்பை நான் முழு மனத்தோடு மெச்ச மாட்டேன். மடிப்பை நிலைக்க வைக்கும் அதே குணம், அதாவது தண்ணீரை உள்ளே விடாத குணம், வியர்வையையும் உள்ளே விடுவதில்லை. சித்திரை வெயிலில் அந்தப் பாவாடையை நாள் முழுவதும் உடுத்தியவர்களுக்கு அது தெரியும். பருத்தியைப் பாலியஸ்டரைப்போல நடக்க வைக்கும் முயற்சியும் உண்டு: செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு இடையே வேதிப்பாலங்களைக் கட்டிச் சுருக்கம் விழாத பருத்தியை உருவாக்கும் முறை அது. அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் ரூத் பெனெரிட்டோ இதில் முக்கியப் பங்காற்றினார். பாலம் கட்டிய இழை வளைந்துகொடுக்கும் தன்மையை இழப்பதால் துணியின் வலிமை கணிசமாகக் குறைகிறது. நீண்டகாலம் பயன்பட்டுவந்த, பாலம் கட்டும் வேதிப்பொருள்களிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளிப்படுவதும் கவலைக்குரியது.

ஈரமே இல்லாத இடத்தில் சாதாரணத் தாவர இழையும் மடிப்பை எவ்வளவு காலம் காக்கும் என்பதற்கு லண்டனின் பெட்ரி அருங்காட்சியகத்தில் ஓர் ஆடை இருக்கிறது. எகிப்தின் தர்க்கான் கல்லறைகளில் 1913-இல் தொல்லியலாளர் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி தோண்டி எடுத்த அழுக்குத் துணிக் குவியலுக்குள் கவனிக்கப்படாமல் கிடந்து, 1977-இல்தான் அது ஆடை என்று அடையாளம் காணப்பட்டது. கதிர்க்கரிமக் கணிப்பு அதன் காலத்தைக் கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடையில் வைக்கிறது. ஆளிச் செடியின் இழையால் (லினன்) நெய்த அந்த ஆடையின் தோள்பகுதியிலும் கைகளிலும் கைவிரல்களால் மடித்த மெல்லிய மடிப்புகள் இன்றும் வரிவரியாகத் தெரிகின்றன. முழங்கையிலும் அக்குளிலும், உடுத்திய பெண் கையை மடக்கியபோது விழுந்த சுருக்கங்களும் அப்படியே இருக்கின்றன. ஆளியும் செல்லுலோஸ்தான். பாலைவனத்தின் வறண்ட மணல் அவளுடைய ஒருநாள் அசைவை ஐயாயிரம் ஆண்டுகள் பூட்டி வைத்திருக்கிறது.

இப்போது பல ஊர்களில் கல்யாணத்துக்கு முதல்நாளே புடவையைக் கொசுவத்தோடு மடித்து இஸ்திரி போட்டுத் தரும் ப்ரீ-ப்ளீட்டிங் வேலையைப் பெண்கள் செய்கிறார்கள். எங்கள் தெருவில் அதைச் செய்யும் அக்கா, இஸ்திரிப் பெட்டியை எடுத்தவுடன் க்ளிப்பைக் கழற்ற விடமாட்டார். மடிப்பின்மேல் ஒரு கனமான மரப்பலகையை வைத்துவிட்டு அடுத்த புடவையை விரிப்பார். ஆவி முழுவதும் வெளியேறித் துணி ஆறும்வரை பிணைப்புகள் இன்னும் இடம் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. பலகையை எடுத்ததும் புறங்கையால் துணியைத் தொட்டுப் பார்க்கிறார். சில்லென்று இருந்தால்தான் க்ளிப் கழறும்.